அப்பாவுக்கு 41 வயதாக இருந்தபோது

வாசகர் கேள்வி: நான் மட்டக்களப்பில் களுவாஞ்சிகுடிப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 41. போன மாதம் இரத்தம் சோதித்தபோது வெறுவயிற்றுச் சீனி 148. பிரஷரும் கூட. அப்பாவுக்கு 73. இன்றைக்கும் வாவிக்கு மேற்கே படுவான்கரையில் உள்ள வயல் வட்டைக்குச் சைக்கிளில் போய்வருகிறார். ஒரு குளிசை கிடையாது. அவரோடு பிறந்த எட்டுப் பேரில் இப்போது மூன்று பேர்தான் மிச்சம் என்றாலும், அந்த மூன்று பேரும் திடமாக இருக்கிறார்கள். "எங்கட காலத்துச் சாப்பாடு, எங்கட உடம்பு. உங்கட தலைமுறை கடைச் சாப்பாட்டால கெட்டுப்போச்சு" என்று அப்பா ஒவ்வொரு நாளும் சொல்கிறார். பிள்ளைகள் பெற்றோரைவிட நோயாளிகளாக இருப்பதாக வெளிநாட்டு ஆய்வுகளும் சொல்கின்றன என்று வாசித்தேன். உண்மைதானா? மகளுக்கு 14 வயது. அவள் வயிற்றில் இருந்தபோது எனக்குக் கர்ப்பகாலச் சீனி இருந்தது. அவளுக்கு என்ன காத்திருக்கிறது?

அன்பின் தங்கைக்கு,

போகிற போக்கில் நீங்கள் எழுதிவிட்டுப் போன ஒரு வரியில் நான் நின்றுவிட்டேன். "எட்டுப் பேரில் மூன்று பேர்தான் மிச்சம்." உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் அந்த வரியிலேயே இருக்கிறது.

மற்ற ஐந்து பேரும் எப்போது, எதனால் போனார்கள் என்று அப்பாவிடம் ஆறுதலாகக் கேட்டுப் பாருங்கள். சமுதாய மருத்துவத்தில் இருக்கிற நான் இப்படிக் கேட்ட குடும்பங்களில் பதில் பெரும்பாலும் ஒரே மாதிரித்தான் வரும். ஒன்று பிறந்து நாற்பது நாளுக்குள். ஒன்று மூன்று வயதில், காய்ச்சலில். ஒரு மாமி பிள்ளைப்பேற்றில். ஒரு பெரியப்பா ஐம்பது வயதில் வரம்பில் விழுந்து, வீட்டுக்குத் தூக்கி வருவதற்குள். "பேயடிச்சுப் போட்டுது" என்று ஊர் சொல்லியிருக்கும். அவருடைய பிரஷரை யாரும் ஒரு தடவைகூட அளந்திருக்கமாட்டார்கள்.

அப்பா பிறந்த 1950களின் தொடக்கத்தில், இலங்கையில் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் எழுபது, எண்பது குழந்தைகள் முதலாவது பிறந்தநாளைக் காணவில்லை. அதற்குக் கொஞ்சம் முன்னால், 1946இல், அது 140 அளவில் இருந்தது. அந்த ஆண்டில் பிறந்த ஒருவருக்கு எதிர்பார்க்கப்பட்ட ஆயுள் 43 வருடம் வரைதான். இன்று இறக்கும் குழந்தைகள் ஆயிரத்துக்குப் பத்துப் பேருக்கும் குறைவு. ஆகவே அப்பாவின் தலைமுறை என்று உங்கள் கண்ணுக்குத் தெரிவது, அந்தத் தலைமுறையில் தப்பி நின்றவர்கள். விழுந்தவர்கள் யாரும் இன்று சைக்கிளில் வரமாட்டார்கள். உங்கள் தலைமுறையிலோ பலவீனமாகப் பிறந்தவரும் பிழைத்து, வளர்ந்து, படித்து, இன்று கிளினிக் வாங்கிலில் உட்கார்ந்திருக்கிறார். இது உங்கள் தலைமுறைக்குக் கிடைத்த பெரிய வெற்றி. அதை யாரும் குறைவாகப் பேச நான் விடமாட்டேன்.

சரி, அப்படியென்றால் அப்பா சொல்வது முழுக்கப் பிழையா? இல்லை. அங்கேதான் விஷயம் கொஞ்சம் சிக்கலாகிறது.

நியாயமாக ஒப்பிடவேண்டுமானால், உங்கள் 41 வயதை அப்பாவின் 41 வயதுக்குப் பக்கத்தில் வைக்கவேண்டும். அதாவது 1993ஆம் ஆண்டு அப்பாவை. யுத்தத்தின் நடுவில், கையில் தாக்கத்தியோடு, இடுப்பில் சாரம் நழுவாமல் இறுக்கிக் கட்டியிருந்த அந்த மனிதரின் நிறை என்ன, இடுப்புச் சுற்றளவு என்ன, சீனி என்ன? யாராவது எழுதி வைத்திருந்தால் இரண்டு நிமிடத்தில் உங்கள் கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவேன். சில நாடுகளில் அப்படி எழுதி வைத்தார்கள். நீங்கள் வாசித்த ஆய்வுகள் அந்த எழுத்திலிருந்து வந்தவை.

பிரித்தானியாவில் 1946 மார்ச் மாதம் ஒரே வாரத்தில் பிறந்த குழந்தைகளில் 5,362 பேரைத் தெரிந்தெடுத்தார்கள். ஜேம்ஸ் டக்ளஸ் என்ற மருத்துவர் தொடக்கிய வேலை. அந்த 5,362 பேரையும் பள்ளிக்கூடத்தில், வேலையில், கல்யாணத்துக்குப் பிறகு, ஓய்வூதியம் எடுத்த பிறகு என்று திரும்பத் திரும்பத் தேடிப்போய் அளந்தார்கள். ஆட்களுக்கு வருடந்தோறும் பிறந்தநாள் அட்டைகூட அனுப்புவார்கள், தொடர்பு அறுந்துவிடக்கூடாது என்று. பிறகு 1958இல் ஒரு வாரத்துப் பிள்ளைகள், 1970இல் இன்னொரு வாரத்துப் பிள்ளைகள், இந்த இரண்டு தடவையும் 17,000 பேர் அளவில். இப்போது மூன்று தலைமுறையையும் ஒரே வயதில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கலாம் அல்லவா?

பார்த்தார்கள். ஆண்களில் பாதிப்பேர் அளவுக்கு மிஞ்சிய நிறையைத் தொட்ட வயது, 1946இல் பிறந்தவர்களுக்கு 41. 1958இல் பிறந்தவர்களுக்கு 33. 1970இல் பிறந்தவர்களுக்கு 30. பெண்களில் 48, 44, கடைசியாக 41. உங்கள் வயது. 1970இல் பிறந்தவர்கள் நாற்பத்தாறு, நாற்பத்தெட்டு வயதை எட்டியபோது மூன்றில் ஒருவருக்கு இரண்டோ அதற்கு மேலோ நாட்பட்ட வருத்தங்கள் இருந்தன. 2024இல் ஒக்ஸ்போர்ட், லண்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இங்கிலாந்து, ஐரோப்பா, அமெரிக்கா மூன்றிலும் ஐம்பது கடந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பதிவுகளை, 2004 முதல் 2018 வரை, ஒப்பிட்டுப் பார்த்தார்கள். பிந்திப் பிறந்தவர்கள், அதே வயதில் முந்திப் பிறந்தவர்களைவிடக் கூடுதலான உடற்பருமனோடும் நீரிழிவோடும் இருந்தார்கள். இதைத்தான் நீங்கள் வாசித்திருப்பீர்கள். உண்மைதான்.

ஆனால் அதே மாதிரி ஆய்வுகள் சொல்லும் மற்றக் கதையையும் சொல்லாவிட்டால் நான் உங்களுக்குப் பாதி உண்மையைச் சொன்னவனாவேன். அமெரிக்காவில் மசாசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் என்று ஒரு சிறு நகரம். 1948இல் அங்கே 5,209 பேரை இதய ஆய்வுக்குச் சேர்த்தார்கள். 1971இல் அவர்களுடைய பிள்ளைகளை, 2002இல் பேரப்பிள்ளைகளை. மூத்தப்பா, மகன், பேரன் மூன்று பேருடைய இரத்த அழுத்தமும் ஒரே ஆய்வில். தொடங்கிய காலத்தில், வயது போனால் பிரஷர் ஏறுவது இயல்பு என்றுதான் மருத்துவர்களே நம்பினார்கள். அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1945இல் மூளை இரத்தக்கசிவால் இறந்த அன்று அவருடைய பிரஷர் 300க்கு 190. நாட்டின் தலைவருக்கே அதைக் குறைத்துக் கொடுக்கக் கையில் மருந்து இல்லாத காலம். பிரஷர், கொலஸ்ட்ரோல், புகைத்தல் இவையெல்லாம் மாரடைப்புக்கு வழி திறப்பவை என்பதை உலகம் அந்த ஊர் மக்களிடமிருந்துதான் படித்தது. அப்புறம் 2016இல் அதே ஆய்விலிருந்து இன்னொன்று வெளிவந்தது: முதுமையில் வரும் ஞாபகமறதி நோய் ஒவ்வொரு பத்து வருடத்துக்கும் சுமார் 20 சதவீதம் குறைந்துகொண்டே வந்திருக்கிறது, குறைந்தபட்சம் உயர்தரப் பாடசாலைப் படிப்பை முடித்தவர்களிடம் மட்டும். நீங்கள் ஒரு ரீச்சர். இதை உங்கள் வகுப்பிலேயே சொல்லலாம்.

எனவே "எந்தத் தலைமுறை ஆரோக்கியமானது" என்று கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வராது. உங்கள் தலைமுறை கூடுதல் காலம் வாழ்கிறது. சில வருத்தங்கள் முந்தி வருகின்றன. அதனால் வருத்தத்தோடு வாழும் வருடங்கள் நீள்கின்றன.

இதை அப்பாவுக்கு விளங்கப்படுத்த வயலிலிருந்தே ஒரு வழி சொல்கிறேன். ஒரே வட்டையில் மூன்று காணிகள். ஒன்று முந்தி விதைத்தது, கதிர் முற்றிவிட்டது. ஒன்று குடலைப் பருவம். ஒன்று இப்போதுதான் முளை. மாரி வெள்ளம் ஒரே இரவில் மூன்றிலும் ஏறுகிறது. வெள்ளம் ஒன்றுதான், சேதம் மூன்று விதம். முளையில் மூழ்கிய பயிர் பிறகு பச்சையாக எழும்பினாலும் அறுவடையில் கணக்குக் காட்டும். எங்கள் மாவட்டத்தில் 1978 நவம்பர் புயல், யுத்தம், 2004 டிசம்பர் கடல்கோள், 2011 ஜனவரி வெள்ளம் எல்லாம் எல்லாரையும்தான் தாக்கின. ஆனால் ஒவ்வொருவரையும் வேறு வேறு பருவத்தில் தாக்கின. வயதால் வருவது, காலத்தால் வருவது, எந்த வருடத்தில் பிறந்தோம் என்பதால் வருவது, இந்த மூன்றையும் பிரித்துப் பார்ப்பதுதான் தலைமுறை ஆய்வின் முழுக் கஷ்டமும்.

முளைப்பருவம் என்று நான் சொன்னது தாயின் வயிற்றை. நெதர்லாந்தில் 1944ஆம் ஆண்டு கடைசியிலிருந்து 1945 மே வரை ஜேர்மன் படைகளின் முற்றுகையால் கடும் பஞ்சம். அந்த மாதங்களில் வயிற்றில் இருந்த பிள்ளைகளை ஐம்பது வயதில் அளந்தபோது, சீனியைக் கையாளும் திறன் அவர்களுக்குக் குறைந்திருந்தது. வயிற்றில் பட்ட பசியை ஐம்பது வருடம் கழித்து இரத்தம் சொன்னது. இங்கிலாந்தில் டேவிட் பார்க்கர் என்ற மருத்துவர் பழைய மருத்துவிச்சிப் பதிவேடுகளைத் தேடி எடுத்து, நிறை குறைந்து பிறந்தவர்கள் இதய நோயால் கூடுதலாக இறந்ததை 1989இல் காட்டினார். நம் உடம்புக்கு இன்னும் கிட்டவாக இருப்பது பூனே ஆய்வு. 1993இல் பூனேக்கு அருகே ஆறு கிராமங்களில் டொக்டர் யாஜ்னிக் தொடக்கியது. அங்கே பிறந்த குழந்தைகளின் சராசரி நிறை 2.7 கிலோ, இங்கிலாந்துக் குழந்தைகள் 3.5 கிலோ. எட்டுநூறு கிராம் குறைவு. ஆனால் அந்தக் குறைவு தசையில்தான் பெரும்பாலும் இருந்தது. கொழுப்பு அவ்வளவு குறையவில்லை. மெலிந்த உடம்புக்குள் கொழுத்த குழந்தை. தெற்காசியர்களான நமக்கு, பார்வைக்கு மெல்லிசாக இருக்கும்போதே சீனி ஏறுவதற்கு இது ஒரு காரணம். அதனால்தான் நமக்கு எல்லைக்கோடும் கீழே இறங்கியிருக்கிறது: இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர், ஆண்களுக்கு 90.

நீங்கள் பிறந்தது 1984இல். அம்மா உங்களை எந்த நிலைமையில் சுமந்தார், எத்தனை தடவை வீட்டை விட்டு ஓடினார் என்பது எனக்குத் தெரியாது. ஆனால் இந்த மண்ணில் அந்தக் காலத்தில் பிறந்த பிள்ளைகள் மெலிந்து பிறந்து, பிறகு பாண், பணிஸ், சீனி அள்ளிப் போட்ட தேத்தண்ணி, மோட்டார் சைக்கிள் என்று இன்னொரு உலகத்துக்குள் வளர்ந்தார்கள். பசிக்குத் தயாரான உடம்பு நிறைந்த சாப்பாட்டுக்குள் போய்ச் சேர்ந்தது. அப்பா உங்களைவிடச் சோறு குறைவாகச் சாப்பிட்டிருக்கமாட்டார். ஒரு குவியல் சிவப்பரிசிச் சோறு சாப்பிட்டிருப்பார். அதைக் குனிந்து அறுத்தும், சூடு வைத்தும், சுமந்தும் எரித்துவிட்டார். இன்று அதே வயலில் வெட்டு மெஷின் இரண்டு மணித்தியாலத்தில் வேலையை முடித்துவிடுகிறது. கடைச் சாப்பாட்டின் மீது மட்டும் பழியைப் போடுவது அதனால்தான் எனக்குச் சம்மதமில்லை.

நம் நாட்டு எண்களையும் சொல்லவேண்டும். 2005-06இல் நடந்த தேசிய நீரிழிவு ஆய்வில், இருபது வயது கடந்தவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு நீரிழிவு. 2018-19இல் நடந்த ஆய்வில் வளர்ந்தவர்களில் 23 சதவீதம். ஆட்களும் வேறு, முறையிலும் வித்தியாசம் உண்டு என்பதால் இரண்டையும் நேராகக் கழித்துப் பார்க்கக்கூடாது. என்றாலும் ஏறிய உயரம் கண்ணுக்குத் தெரிகிறது. என்னை வருத்துவது இதுதான்: அந்த முதலாவது ஆய்வில் வடக்கும் கிழக்கும் இல்லை. யுத்தம். 1993இலும் 2000இலும் நடந்த குடித்தொகை, சுகாதார ஆய்வுகளிலும் நாம் இல்லை. 1981க்குப் பிறகு மட்டக்களப்பு மாவட்டத்தை முழுதாக எண்ணிய குடிசன மதிப்பீடு 2012இல்தான். அம்பாறையை 2001இல் எண்ணி முடித்தார்கள், மட்டக்களப்பில் முடியவில்லை. முப்பத்தொரு வருடம். ஒரு தலைமுறை பிறந்து, கல்யாணம் கட்டி, பிள்ளை பெறும் காலம். அந்தக் காலத்துப் பிள்ளைகள்தான் இன்று நாற்பது வயதில் கிளினிக் கதவைத் திறக்கிறார்கள்.

படுவான்கரையில் ஒரு நடமாடும் கிளினிக்கில் பார்த்த காட்சி இன்னும் மனதில் இருக்கிறது. வாவியில் வலை வீசும் 38 வயதுப் பிள்ளை, பெருவிரலில் ஆறாத புண். துணி சுற்றிய காலோடு வாங்கிலில் இருக்கிறார். பக்கத்தில் எழுபது கடந்த தகப்பன், மகனுடைய கிளினிக் கொப்பியையும் ஒற்றைச் செருப்பையும் மடியில் வைத்துக்கொண்டு. நான் வேலைக்கு வந்த புதிதில் மகன்மார்தான் தகப்பன்மாரைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

இனி உங்களுக்கு. அறிகுறி எதுவும் இல்லாதவருக்கு ஒரு தடவை 148 வந்ததை வைத்து முடிவு கட்டுவதில்லை. இன்னொரு தடவை வெறுவயிற்றில் பாருங்கள், கூடவே மூன்று மாதச் சராசரிச் சீனியும் (HbA1c). வெறுவயிற்றில் 126 அல்லது மூன்று மாதச் சராசரியில் 6.5 சதவீதம், இந்த அளவை எட்டினாலே நீரிழிவுதான். கர்ப்பகாலச் சீனி வந்த பெண்ணுக்குப் பிறகு நீரிழிவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏழு மடங்குக்குக் குறையாது. பிள்ளை பிறந்து ஆறு கிழமையில் ஒரு தடவையும், பிறகு ஒன்று முதல் மூன்று வருடத்துக்கு ஒரு தடவை என்று திரும்பத் திரும்பவும் சோதித்திருக்கவேண்டும். உங்களுக்கு அதை யாரும் அழுத்திச் சொல்லவில்லைப் போலிருக்கிறது. அது உங்கள் பிழை அல்ல. ஆகவே "கடைச் சாப்பாட்டால் வந்தது" என்று அப்பா அடுத்த தடவை சொன்னால், பதினான்கு வருடத்துக்கு முன்பே உடம்பு ஒரு அறிவித்தல் தந்திருந்தது என்று சொல்லுங்கள்.

41இல் தொடங்குவதால் உங்களுக்கு முன்னால் நீண்ட காலம் இருக்கிறது, அதனாலேயே முதல் சில வருடங்கள் முக்கியம். பிரித்தானியாவில் 1977இல் தொடங்கி, புதிதாக நீரிழிவு கண்ட 5,102 பேரைச் சேர்த்துப் பின்தொடர்ந்தார்கள். ஆரம்பத்திலேயே சீனியை நன்றாகக் கட்டுப்படுத்தியவர்களுக்கு அதன் பலன் பல பத்து வருடங்களுக்குப் பிறகும் இருந்தது. இரு பக்கத்தாருடைய சீனி அளவும் பின்னால் ஒன்றாகிவிட்ட பிறகும்கூட! ஆகவே குளிசை எழுதினால் தயங்காமல் எடுங்கள். "தொடங்கினால் நிறுத்தேலாது" என்று அயலார் சொல்வதைக் கேட்டு ஒரு வருடத்தை வீணாக்காதீர்கள். சோற்றைக் கோப்பையில் கால்வாசிக்குக் கொண்டுவந்து, மிச்சத்தை மீனாலும் கீரையாலும் மரக்கறியாலும் நிரப்புங்கள். நமது வாவி மீன் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. தேத்தண்ணியில் சீனியை நிறுத்துங்கள். பாடசாலை முடிந்து அரை மணி நேரம் நடை. கண்ணும் காலும் வருடத்துக்கு ஒரு தடவை காட்டவேண்டும்.

அப்பாவையும் அழைத்துக்கொண்டு போங்கள். அவருக்கு வருத்தம் இல்லை என்று நீங்கள் எழுதவில்லை. "ஒரு குளிசை கிடையாது" என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். இரண்டும் வேறு. கடைசியாக அவருடைய கையில் பிரஷர் பட்டி கட்டியது எப்போது? பக்கத்து அரச வைத்தியசாலையில் இலவசமாகவே பார்ப்பார்கள். நல்ல அளவாக இருந்தால் அவருடைய பெருமைக்கு ஆதாரம் கிடைத்துவிடும்.

மகளைப் பற்றி. ஒன்பது நாடுகளில் 23,000க்கும் மேற்பட்ட கர்ப்பிணிகளை வைத்து நடந்த ஒரு ஆய்வில், அவர்களுடைய பிள்ளைகளில் ஒரு பகுதியினரை 10 முதல் 14 வயதில் திரும்ப அளந்தார்கள். தாய்க்குச் சீனி கூடியிருந்த பிள்ளைகளில் உடற்கொழுப்பும் சீனிப் பிரச்சினையும் கூடுதலாகத்தான் இருந்தன. மறைக்காமல் சொல்கிறேன். ஆனால் கூடுதல் வாய்ப்பு என்பது விதி அல்ல. சீனி வரும் தறுவாயில் இருந்த 577 பேரை சீனாவின் தாச்சிங் நகரில் 1986இல் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்கு ஆறு வருடம் சாப்பாட்டையும் உடல் உழைப்பையும் மாற்றிக் கொடுத்தார்கள். முப்பது வருடம் கழித்துப் பார்த்தபோது, அவர்களுக்கு நீரிழிவு சராசரியாக நான்கு வருடம் பிந்தியிருந்தது, மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்திருந்தன, ஆயுளும் கூடியிருந்தது. அவர்கள் நடுவயதில் தொடங்கியவர்கள். உங்கள் மகள் 14இல் தொடங்குகிறாள். நிறையைச் சொல்லிச் சொல்லி அவளைக் கூச்சப்படுத்தாதீர்கள், அது எதிராகத்தான் வேலை செய்யும். விளையாட்டுப் பாடவேளையை ரியூஷனுக்காகப் பறிக்காதீர்கள். வீட்டில் இனிப்புச் சோடா வாங்கி வைக்காதீர்கள். அவளும் நீங்களும் ஒரே கோப்பைச் சாப்பாட்டைச் சாப்பிடுங்கள். வருடத்துக்கொரு தடவை அவளுடைய சீனியையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி உங்கள் வைத்தியரிடம் கேளுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. 80 பக்கக் கொப்பி ஒன்று வாங்குங்கள். முதல் பக்கத்தில் அப்பாவோடு பிறந்த எட்டுப் பேரின் பெயரும், போனவர்கள் என்ன வயதில், எப்படிப் போனார்கள் என்பதும். அடுத்த பக்கத்தில் அப்பாவின் 41ஆம் வயது: அந்தக் காலத்துப் படம் இருந்தால் ஒட்டுங்கள், என்ன வேலை, என்ன சாப்பாடு, எந்த முகாம், எல்லாவற்றையும் அவர் வாயாலேயே கேட்டு எழுதுங்கள். மூன்றாவது பக்கம் உங்களுடையது: இன்றைய நிறை, இடுப்பு, சீனி, பிரஷர், திகதியோடு. நான்காவது பக்கம் மகளுக்கு. அவளுடைய பிறப்பு நிறை கிளினிக்கில் தந்த சிறுவர் பதிவேட்டில் இருக்கும். அலுமாரியில் எங்கேயாவது கிடக்கும், இன்றைக்கே தேடி எடுத்து வையுங்கள்.